தொண்ணூற்றொன்பது சதவீதச் சுவர்

தொண்ணூற்றொன்பது சதவீதம் என்ற சொல் நம் ஆட்களின் வாயில் படும் பாட்டை நிறையவே பார்த்திருக்கிறேன். தையற்காரர் 'தொண்ணூத்தொம்பது பர்சன்ட் முடிஞ்சிடுச்சு' என்றால் துணி இன்னும் கத்திரியைக் கண்ணால் பார்க்கவில்லை என்று பொருள். கல்யாணத்துக்குக் கூப்பிடும்போது 'தொண்ணூத்தொம்பது பர்சன்ட் வந்துடுவேன்' என்பவருக்கு இலை போடத் தேவையில்லை. என் பேக்கரி முதலாளி, 'புது அடுப்பு வாங்கறது தொண்ணூத்தொம்பது பர்சன்ட் உறுதி' என்று சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு முன்தலையில் முடி இருந்தது. கணக்கில் அது நூறுக்கு ஒன்று குறைவு, அவ்வளவுதான். பேச்சில் அந்த ஒன்று, சொன்னவர் பின்னால் நழுவிப் போவதற்காகத் திறந்து வைத்திருக்கும் கொல்லைக் கதவு. இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதே எண்ணைத் தகரத்தில் எழுதி என் வீட்டு வாசலிலும் அடித்திருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் நகரத்தில் எல்லா வாசலிலும் அந்தப் பலகை உண்டு. கட்டட நம்பிக்கை வாரியத்தின் கைங்கர்யம். வெள்ளைத் தகரத்தில் பச்சை எழுத்து: 'இக்கட்டடம் 99% பாதுகாப்பானது.' வருஷக்கணக்காக அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய்வந்தேன். எங்கள் படுக்கையறைச் சுவரில் விரிசல் விட்ட பிறகுதான் நின்று படித்தேன்.

கூரையோரம் மேல்மூலையில் கிளம்பிய விரிசல், என் மகள் தலைவைத்துப் படுக்கும் இடம்வரை இறங்கியிருந்தது. முதலில் தலைமுடி கனம். ஒரு மழைக்குப் பிறகு என் மனைவியின் ஊசி நுழைந்தது. அடுத்த மழைக்குப் பிறகு மகளின் சுண்டுவிரல். ஒருநாள் அவள் தன் சிவப்புப் பென்சிலை உள்ளே தள்ளிப் பார்த்தாள். அது சரசரவென்று வழுக்கிக்கொண்டு போய், எங்கோ கீழே 'டொக்' என்று விழுந்தது. பென்சில் விழுந்து சத்தம் வருகிற அளவுக்குச் சுவருக்குள் இடம் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

கட்டிலை வேறு பக்கம் இழுத்துப் போடுவதுதானே என்பீர்கள். எங்களுக்கு இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவர்தான். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி உட்கார்ந்திருப்பதும் அதன் தலைமேல்தான். எந்தப் பக்கம் படுத்தாலும் அதன் அடியில்தான் படுக்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்யலாமே என்றும் கேட்பீர்கள். அதற்கும் வாரியத்தின் விதி இருக்கிறது. தொண்ணூற்றொன்பது வீட்டை விட்டுத் தானாக வெளியேறுகிறவன் வாரியத்தை நம்பாதவன். நம்பாதவனுக்கு இந்த நகரத்தில் வேறு வீடு கொடுக்கக்கூடாது. எண் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் வாரியமே மாற்று வீடு தரும். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் வீட்டுப் பலகையில் ஒரு சதவீதம் குறைய வேண்டும்.

விடிவதற்கு முன்னே நான் மாவு பிசையக் கிளம்பிவிடுவேன். அந்தச் சுவரடியில் தூங்கும் இருவரையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். மெதுவாகச் சாத்துவேன், சத்தம் சுவருக்குப் பிடிக்காதோ என்று. திரும்பி வந்ததும் மனைவி என் தலையில் படிந்த வெள்ளைத் தூளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். மாவாக இருந்தால் பேசாமல் போய்விடுவாள். சில நாள் காலையில், நான் கிளம்புவதற்கு முன்பே என் தலையில் தூள் இருந்தது. அன்றைக்கெல்லாம் அவள் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

"இன்னைக்கே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். வாரியத்தின் முன்கூடத்தில் ஓர் அம்மாள், மேசை விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுவர்ல விரிசல் மேடம். குழந்தையோட விரல் போகுது."

"பலகைல என்ன போட்டிருக்கு?"

"தொண்ணூத்தொம்பது."

"அப்புறம் என்ன சார்?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"மிச்சம் ஒண்ணு இருக்கே மேடம். அது எங்க வீட்டு விரிசலா இருந்துட்டா?"

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "ஒண்ணைப் பத்தி வந்தீங்களா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா? நாங்க இங்க தொண்ணூத்தொம்பது மட்டும்தான் பாக்கறோம். ஒண்ணு தனிப் பிரிவு. கீழ போங்க, கடைசி ரூம்."

கீழ்த்தளத்தின் கடைசி அறைக் கதவில் 'மிச்சப் பிரிவு' என்று எழுதியிருந்தது. ஜன்னல் இல்லை. மெலிந்த அதிகாரி ஒருவர் மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆள் வந்தே ரொம்ப நாளாகிவிட்டது போலிருந்தது.

"உக்காருங்க. இந்த ஊர்ல எத்தனை கட்டடம் இருக்கோ, அத்தனையோட ஒரு பர்சன்ட்டும் என் பொறுப்பு" என்றார் பெருமையாக.

"அப்படின்னா, அந்த ஒண்ணு நடந்தா நீங்கதான் வந்து பாப்பீங்களா?"

"நடக்கறது வேற பிரிவு சார். நான் மிச்சமா இருக்கறதை மட்டும்தான் வெச்சுக்கறேன்."

"எல்லா வீட்டோட ஒண்ணையும் சேத்தா என்ன ஆகும் சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவை கூட்டிப் பாத்தேன். ரெண்டு தெருவுக்குக் கூட்டறதுக்குள்ள நூறைத் தாண்டிப் போயிடுச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. அதுக்கப்புறம் கூட்டறதில்ல. கூட்டவேண்டாம்னு மேலயும் சொல்லிட்டாங்க."

"அப்போ ஏதோ ஒரு வீடு விழறது நிச்சயம்தானே?"

"ஏதோ ஒரு வீடு. உங்க வீடுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்லதான் சார் விரிசல் இருக்கு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "விரிசல் எல்லார் வீட்லயும்தான் இருக்கு. உங்களுக்குக் கண்ணு கொஞ்சம் கூர்மை. இதுக்கு வைத்தியம் உண்டு, பயப்படாதீங்க. வாராவாரம் மேல மண்டபத்துல நம்பிக்கைப் பயிற்சி நடக்குது. போய்ச் சேந்துடுங்க. சுவர் கெட்டுப்போனா கட்ட நாளாகும். மனசுன்னா சீக்கிரம் பூசிடலாம்."

சேர்ந்தேன். சேராவிட்டால் என் மனு மேலே போகாதாம்.

பயிற்சி மண்டபம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் ஒரு கையை மண்டபச் சுவரில் ஊன்றி, கண்களை மூடி, 'என் சுவர் நிற்கும், தொண்ணூற்றொன்பது' என்று சொல்ல வேண்டும். பயிற்றுநர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று, குரலில் நடுக்கம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். நடுக்கம் இருந்தால் மறுபடி சொல்ல வேண்டும். நான் நிறைய முறை சொன்னேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், வேலைக்குப் போகிற வழியில் வந்தவர்போலக் காக்கிச் சட்டையில் நின்றார். அவர் தலையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. தெரிந்த தொழில்காரராயிற்றே என்று எனக்கு ஒரு பிரியம் வந்தது.

"நீங்களும் பேக்கரியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லையே. நான் பஸ் கண்டக்டர்."

"தலையில மாவு மாதிரி..."

"அது எங்க வீட்டுக் கூரை சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்களை மூடிக்கொண்டார்.

நான் திரும்பி மண்டபத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. வரிசை வரிசையாகத் தலைகள், எல்லாத் தலையிலும் வெள்ளைத் தூள். யாரும் அதைத் தட்டிவிடவில்லை. எல்லோரும் ஒரே குரலில் தங்கள் சுவர் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விழாமலிருக்க இன்னொரு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டேன். பயிற்றுநர் என் முதுகில் தட்டி, "ரெண்டு கை! பாருங்க, இதுதான் ஈடுபாடு!" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார்.

மறுவாரம் கண்டக்டர் நின்ற இடம் காலியாக இருந்தது.

"அந்த அம்மா வரலையா சார்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இனி வகுப்பு தேவையில்லை" என்றார் பயிற்றுநர்.

தேறிவிட்டாரா, கூரையே இறங்கிவிட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. காலி இடத்தை நிரப்ப எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள், நானும்தான்.

அன்றைக்குத்தான் வாரிய இயக்குநர் வந்து பேசினார். நல்ல உயரம், நல்ல குரல். பேசும்போது அவருக்கே கண் கலங்கிவிடும்.

"தொண்ணூத்தொம்பது எப்படி வந்துச்சுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஏதோ குத்துமதிப்பா எழுதிட்டோம்னு சில பேர் நினைக்கறாங்க. மனசு வலிக்குது. அன்பர்களே, இது ஆழ்ந்து யோசிச்சு எடுத்த எண். நூறுன்னு எழுதணும்னா அதுல நான் கையெழுத்துப் போடணும். நாளைக்கு ஒண்ணு ஆனா என் கழுத்தைத்தானே பிடிப்பாங்க? நானும் பிள்ளைகுட்டிக்காரன். சரி, தொண்ணூத்தெட்டுன்னு எழுதலாமா? எழுதினா ஒரு ஊழியர் நேர்ல போய் அந்தக் கட்டடத்தைப் பாத்தாகணும். இடிஞ்சு விழற கட்டடம் பக்கத்துல எங்க ஆளுங்களை அனுப்ப எனக்கு மனசு வருமா? ஆக, நான் கையெழுத்தும் போட வேண்டியதில்ல, எங்க ஆள் போகவும் வேண்டியதில்ல. அப்படிப்பட்ட எண் உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு! இருபத்தஞ்சு வருஷமா ஒரு கட்டடத்தைக்கூட நேர்ல பாக்காம, இத்தனை கட்டடத்துக்கும் துல்லியமா எண் குடுத்த வாரியம் வேற எங்கயாவது உண்டா?"

மண்டபம் கைதட்டியது. தட்டிய வேகத்தில் தலைகளிலிருந்து தூள் பறந்தது. நான் தட்டவில்லை. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. என் மகள் எந்தச் சுவரடியில் தூங்குகிறாளோ அந்தச் சுவரை இந்த வாரியத்தில் ஒரு ஜீவன்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பயத்தில் எழுந்தேனா கோபத்தில் எழுந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஐயா, எனக்கு ஒண்ணு குறைச்சுக் குடுங்க."

"புரியல."

"தொண்ணூத்தெட்டு போதும் ஐயா. யாராவது ஒருத்தர் வந்து பாக்கட்டும்."

பயிற்றுநர் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். என் குரலில் நடுக்கம் போகவேயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"நம்ம வாரியத்தோட பேரு என்ன? நம்பிக்கை வாரியம்" என்றார் இயக்குநர். "இவரோட நம்பிக்கை குறைஞ்சுபோச்சு. நம்பிக்கை குறைஞ்சா எண்ணும் குறையறதுதான் நியாயம். குறைச்சுடுவோம். ஆனா ஒண்ணு, சுவருக்காகக் குறைக்கல. இவருக்காகத்தான் குறைக்கறோம்."

அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாளே பெயின்டர் வந்தார். தெருவிலேயே நின்றுகொண்டு, பலகையைக் கழற்றித் தன்னிடம் கொண்டுவந்து தரச் சொன்னார். தெருவில் வைத்தே எண்ணை மாற்றி எழுதினார். திருப்பி மாட்டுகிற வேலையும் என்னுடையதுதான். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. தொண்ணூற்றெட்டு! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் வீடு முன்னைவிட ஆபத்தானது என்று எழுதியிருந்ததைப் பார்த்து இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆய்வு முடிந்ததும் கிடைக்கப்போகும் மாற்று வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில் ஆய்வாளர் வந்தார். தலையில் புது மஞ்சள் ஹெல்மெட், அதன் கண்ணாடிக் காகிதம்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கப்படவில்லை.

"உள்ள வாங்க சார்" என்றேன்.

அவர் வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். பலகையைக் காட்டினார். "வர முடியாது சார். இது தொண்ணூத்தெட்டு."

"அதனாலதானே சார் உங்களை வரச்சொன்னது?"

"பாக்க வரணும்னு விதி இருக்கு, வந்துட்டேன். தொண்ணூத்தொம்பதுக்குக் கீழ இருக்கற கட்டடத்துக்குள்ள ஊழியர் நுழையக்கூடாதுன்னும் விதி இருக்கு. ரெண்டும் நம்ம இயக்குநர் போட்டதுதான். நீங்க போய்ச் சுவரைத் தட்டுங்க. நான் இங்கிருந்தே காது குடுக்கறேன்."

போனேன். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். உள்ளே எங்கோ பென்சில் இன்னும் கொஞ்சம் கீழே உருண்டது. விரிசலிலிருந்து மணல் கோடாக இறங்கியது, நிற்கவில்லை.

"இன்னும் பலமா!" என்று ஆய்வாளரின் குரல் வந்தது. குரல் தூரத்தில் கேட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் வாசலில் இல்லை. தெருவின் நடுவில் இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாகவே நடந்து, எதிர் நடைபாதையில் ஏறி, அங்கே இருந்த விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் கண் மேலே தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. வாரியத்துக்கு அலைந்த இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான ஆய்வு அதுதான்.

"என்னங்க, எத்தனைன்னு சொல்றார்?" என்று மனைவி கேட்டாள்.

"எதிர்த்த பிளாட்பாரத்துக்குப் போயிட்டார்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மகளை அப்படியே வாரி எடுத்துக்கொண்டாள். வரைந்துகொண்டிருந்த காகிதத்துக்காக மகள் அழுதாள், எடுக்க விடவில்லை. நான் கதவைச் சாத்தக்கூட இல்லை.

நாங்கள் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது ஆய்வாளர் முகம் தெளிந்திருந்தது. "வழி கிடைச்சிடுச்சு சார். இதை மறுபடி தொண்ணூத்தொம்பது ஆக்கிடறேன். அப்போ நான் தாராளமா உள்ள போகலாம்."

"ஆக்குங்க சார். ஆக்கிட்டு உள்ள போய்ப் பாருங்க."

"ஆக்கிட்டா, அப்புறம் எதுக்கு சார் பாக்கணும்?"

அதற்கு நான் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொட்டி லேசாகச் சாய்ந்தது. தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பி வழிந்தது. பிறகு சுவர் நடுவில் உட்கார்ந்தது, கூரை அதன்மேல் உட்கார்ந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. தெரு முழுக்க வெள்ளைப் புகை. எனக்கு எதுவும் தெரியவில்லை. மகளின் பெயரைக் கத்தினேன். என் கையில் அவள் கை இருந்தது, இருந்தும் கத்தினேன். புகைக்குள்ளிருந்து மனைவியின் விரல் வந்து என் கன்னத்தைத் தடவியது. அந்த விரலை அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இது மாவு இல்லீங்க" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

இப்போது நாங்கள் பேக்கரியின் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே இருக்கிறோம். மாற்று வீடு கேட்டு வாரியத்துக்குப் போனேன். அதே அம்மாள், அதே விசிறி.

"உங்களுக்கு விஷயமே தெரியாதா? உங்க கட்டடத்தை நூறு பர்சன்ட் ஆக்கிட்டாங்க. வாரியத்தோட முதல் நூறு! இயக்குநரே கையெழுத்துப் போட்டுட்டார்."

"மேடம், அது இடிஞ்சு கிடக்கு."

"அதனாலதான் சார். இனிமே அது இடியவே இடியாது. அப்படிப்பட்ட கட்டடம் இந்த ஊர்ல வேற எங்க இருக்கு? தொண்ணூத்தொம்பதைக் காலி பண்றதுக்கே விதி இல்ல, நூறைக் காலி பண்றேன்னு வந்து நிக்கறீங்களே!"

அந்த ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தார்கள். நாங்களும் போனோம், போகாவிட்டால் நம்பாதவன் என்று எழுதிவிடுவார்கள். இடிபாட்டின் உச்சியில் ஒரு கழியை நட்டு, தங்க எழுத்தில் 100% என்று பலகை மாட்டியிருந்தார்கள். மகள் என் கையை விட்டு ஓடிப்போய், ஓரத்துக் கற்களுக்கு நடுவிலிருந்து தன் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தாள். இயக்குநர் அதை வாங்கி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்.

"பாத்தீங்களா? பென்சில்கூட உடையல!" கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பிறகு அவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள். இயக்குநர் முன்னால், பயிற்றுநரும் முன்கூடத்து அம்மாளும் மிச்சப் பிரிவு அதிகாரியும் பின்னால், ஆய்வாளர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. வாசல் இருந்த இடத்தின் வழியாக நடந்து, நாங்கள் படுத்திருந்த இடத்தைத் தாண்டி, சமையலறை இருந்த இடத்தில் போய்க் கைகட்டி நின்றார்கள். வாரியத்து ஆட்கள் என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். யாருக்கும் துளிப் பயம் இல்லை.

"வாங்க சார், உள்ள வாங்க! உங்க வீடுதானே!" என்று இயக்குநர் அங்கிருந்து கையசைத்துக் கூப்பிட்டார்.

மகள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் எதிர் நடைபாதையில், விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தோம்.